கரண்ட் வந்தபோதெல்லாம் சரசக்கா பேசினார்

பொள்ளாச்சியிலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில், தேங்காய் நார் மில்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். மில் வெகுதூரம் பின்னால் போய்விட்டது. மூக்குக்குள் இருந்த நார்த் தூசி மட்டும் கூடவே வந்தது. அங்கே வேலை ஏன் போயிற்று என்பது தனிக் கதை. (சுருக்கமாகச் சொன்னால், களத்தில் படுத்துத் தூங்கிய என் மேல் டிராக்டர்க்காரர் ஒரு லோடு நாரைக் கொட்டிவிட்டார். முதலாளி தேடியபோது நான் நாருக்குள் நிம்மதியாக இருந்தேன்.) காலையிலிருந்து ஒரு டீயும் ஒரு பன்னும்தான். வலது செருப்பின் வார் அறுந்து சணலால் கட்டியிருந்தேன். இதெல்லாம் பழகிப்போனவை என்பதால் வருத்தம் ஒன்றும் இல்லை. பசி மட்டும் இருந்தது.

பசி வந்தால் எனக்கு ஒரு கெட்ட குணமும் சேர்ந்து வரும். யார் எந்த வேலையைக் காட்டித் தெரியுமா என்று கேட்டாலும் தெரியும் என்பேன். ஒன்பதாம் வகுப்பு அரைப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போர்வெல் லாரி, சாயப்பட்டறை, கோழிப்பண்ணை என்று சுற்றியிருந்தேன். எந்த இடத்திலும் சேரும்போது எனக்கு எல்லாம் தெரியும். விலகும்போதுதான் பாதி தெரிந்திருக்கும்.

ரோட்டை ஒட்டிய ஒரு தோட்டத்தில், ஒருவர் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு குவியலை வெறித்துக்கொண்டிருந்தார். பெரிய பிளாஸ்டிக் தொட்டி, கலக்குகிற மோட்டார், பம்பு, நிறையக் குழாய்கள், மணி முள் வைத்த ஒரு டைமர் பெட்டி. அவர்தான் ராமசாமி அண்ணன். நான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அவர் சொம்பைக் கொடுத்துவிட்டு, ஒயரிங் தெரியுமா என்று கேட்டார்.

தெரியும் என்றேன்.

விஷயம் இதுதான். அண்ணனிடம் பதினோரு கறவை மாடுகள். காலை ஐந்து மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் அவற்றுக்குத் தண்ணி காட்ட வேண்டும். தண்ணி என்றால் வெறும் தண்ணீர் அல்ல. தவிடு, ஊறிய புண்ணாக்கு, ஆட்டிய பருத்திக்கொட்டை, உப்பு எல்லாம் கரைத்த கெட்டியான கரைசல். பதினெட்டு வருடமாக அதை வைப்பவர் அண்ணனின் மனைவி சரசக்கா. ஆம்பளை வைத்தால் மாடு குடிக்காது என்பது அண்ணனின் அசைக்க முடியாத நம்பிக்கை. (ஒருநாளும் வைத்துப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அது நம்பிக்கை ஆகாதே.) அதனால் அக்கா எந்த விசேஷத்துக்கும் காலைத் தண்ணி காட்டிவிட்டே கிளம்பி, மூன்று மணிக்குள் திரும்பிவிடுவார். சொந்தத்தில் யார் தாலி கட்டியதையும் அவர் முழுசாகப் பார்த்ததில்லை.

இப்போது அவருடைய தம்பிக்குக் கல்யாணம். பத்து வருடம் பெண் தேடி, முப்பத்தேழு வயதில் அமைந்த கல்யாணம். கொடுமுடியில் முதல் நாள் சாயங்காலம் இணைச்சீர், மறுநாள் விடிந்ததும் முகூர்த்தம். இணைச்சீர் மாப்பிள்ளையோடு பிறந்தவள் உட்கார்ந்து செய்ய வேண்டிய சீர். அவனுக்கு வேறு அக்கா தங்கை இல்லை. அக்கா ஒரு மதியமும் ஒரு காலையும் தோட்டத்தில் இருக்க முடியாது. அதற்காகத்தான் அண்ணன், மூடிப்போன ஒரு பண்ணையிலிருந்து இந்தக் குவியலை வாங்கி வந்திருந்தார். நேரம் வந்தால் தானே கலக்கி, தானே ஊற்றும்.

"பன்னிப் பண்ணைல இருந்ததுன்னு மட்டும் அவகிட்டச் சொல்லிப்போடாத," என்றார்.

பத்து நாளில் மாட்டிவிட்டேன். மாடு கட்டுகிற கட்டுத்தரையில் பதினோரு தொட்டிக்கும் பதினோரு குழாய். முதலில் புண்ணாக்குக் கட்டி அடைத்துக்கொண்டு ஒரு குழாய் பிய்த்துக்கொண்டு போய் அண்ணனின் வெள்ளை வேட்டியை நனைத்தது. சல்லடை போட்டுச் சரிசெய்தேன். மூன்று மணிக்கு டைமர் 'டக்' என்றது, மோட்டார் கலக்கியது, பம்பு ஊற்றியது. எனக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது.

மாடுகள்தான் குடிக்கவில்லை.

பதினோரு மாடும் தொட்டியைப் பார்த்தன. பிறகு வாசலைப் பார்த்தன. முன்னால் கட்டியிருந்த செவலை, ஏழு மாதச் சினை, எல்லாவற்றுக்கும் தலைவி. அவள் தொட்டிப் பக்கமே திரும்பவில்லை. சரசக்கா வந்தார். தொட்டிக்குள் கையை விட்டு அளைந்துகொண்டே, "குடி கண்ணு, குடி" என்று பேச ஆரம்பித்தார். பதினோரு வாயும் ஒரே நேரத்தில் உள்ளே இறங்கின.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "மெசினு நல்லாத்தான் இருக்குது தம்பி. நான் கண்ணாலத்துக்கு வரலீன்னு என்ற தம்பிகிட்டச் சொல்லிப்போடறேன்," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பால் கேனை மூடுவதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

அன்றைக்குத்தான் எனக்கு மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யும்போதெல்லாம் எனக்கு வேலை போகும்.) மாட்டுக்கு வேண்டியது அக்காவின் குரல். மறுநாள் என் போனில் பதிவுப் பொத்தானை அமுக்கி விட்டத்தில் ஒளித்து வைத்தேன். அக்கா கால் மணி நேரம் தண்ணி காட்டினார். பிறகு எடுத்து, முதல் ஒரு நிமிடம் கேட்டேன். "குடி கண்ணு, நல்லாக் குடி." பிரமாதம். மீதியைக் கேட்கவில்லை. தாராபுரத்தில் ஒரு மொபைல் கடையில் அதை மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

ஒலிபெருக்கிக்கும் பஞ்சமில்லை. மக்காச்சோளக் காட்டில் மயில் விரட்ட, மெமரி கார்டு போடுகிற பெட்டியோடு ஒரு குழாய் ஸ்பீக்கர் இருந்தது. பகல் பூராவும் ஓர் ஆள் "ஏய், ஓடு" என்று கத்துவது அதில் ஓடும். அதைக் கழற்றி வந்து வேப்ப மரத்தில் கட்டி, பம்போடு சேர்த்துவிட்டேன். மூன்று தோட்டத்து மயிலுக்குக் கேட்கிற ஸ்பீக்கர் அது என்பதை யோசித்திருக்கலாம்.

மாடு குடிக்க வழி செய்துவிட்டேன் என்று நான் அடித்துச் சொன்ன பிறகு, இணைச்சீர் நாள் காலையில் அக்கா பட்டுப்புடவையோடு காரில் ஏறினார். காவலுக்கு அண்ணன் தங்கிவிட்டார். ஏறும்போது அக்கா என்னிடம், "குடிக்கலீன்னா ஒரு போன் போடு தம்பி. சீரு ஆனாலும் செரி, வந்தர்றேன்," என்றார்.

மூன்று மணி. டைமர் 'டக்'. மோட்டார், பம்பு, பிறகு மரத்திலிருந்து அக்காவின் குரல். "குடி கண்ணு, குடி." பதினோரு வாயும் இறங்கின. செவலை குடித்த வேகத்தைப் பார்த்து அண்ணன் என் தோளில் கை வைத்தார். முதலாளி ஒருவர் என் தோளில் கை வைத்தது அதுவே முதல் தடவை. (கழுத்தில் வைத்திருக்கிறார்கள்.)

அந்தப் பெருமையில் நான் ஒன்று செய்தேன். எங்கள் பக்கத்துக்காரன் எவனும் செய்வதுதான். கிணற்று மோட்டாரை யாரும் காத்திருந்து போடுவதில்லை. மூணு பேஸ் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் சுவிட்சை 'ஆட்டோ'வில் தள்ளிவிட்டுப் போய்விடுவோம். கரண்ட் வந்தால் மோட்டார் தானே ஓடும். போர்டைக் கடந்து போகும்போது கை தானாகப் போய்த் தட்டும். என் கையும் போயிற்று, தட்டிற்று. அந்த போர்டிலேயே நான் நம் பம்பையும் சேர்த்திருந்தேன். ஆட்டோவில் விட்டால் டைமருக்குப் பேச்சே இல்லை. கரண்ட் வரும்போதெல்லாம் கலக்கு, ஊற்று, பேசு.

நான் பஸ் ஸ்டாப் டீக்கடைக்குப் போய்விட்டேன். அண்ணன் மடை மாற்ற வாழைத் தோட்டத்துக்குள் போனார். கரண்ட் போனது. வந்தது. மறுபடி போனது. மறுபடி வந்தது.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே தலையைச் சாய்த்தார். "ஏப்பா, உங்க தோட்டத்து அக்கா மைக்குல பேசறாப்புல இருக்குது."

கேட்டேன். மயில் விரட்டும் பெட்டிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நின்ற இடத்தை மறக்காது. கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அப்படித்தான் அக்கா தொடர்ந்தார்.

"...பக்கத்துத் தோட்டத்துக் காளியம்மா போடற காப்பிக்கு, உங்களுக்கு வெக்கற தண்ணியே தேவலை கண்ணு. குடி."

நான் ஓடினேன். பாதி வழியில் கரண்ட் போயிற்று. அக்கா நின்றார். நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் வந்துவிட்டது.

"உங்கப்பன் இருக்காரே, ஆம்பளை வெச்சா மாடு குடிக்காதாம். வெச்சுப் பாத்தாரா? ஒரு நாளைக்கி ஒரு குண்டா தண்ணி எடுத்து வெச்சா கை தேஞ்சா போயிரும்?"

தோட்டத்துக்குள் நுழைந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் காளியம்மக்கா இடுப்பில் கை வைத்து நின்றார். அவரோடு இன்னும் நாலைந்து பேர். யாருடைய எருமை என்று தெரியாத இரண்டு எருமைகள், அழைப்பைக் கேட்டு உள்ளேயே வந்துவிட்டிருந்தன. கட்டுத்தரையில் கணுக்கால் அளவு கரைசல். மாடுகளின் வயிறு தவில் மாதிரி. மரத்தடியில் அண்ணன் மண்வெட்டியோடு, ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"என்ற தம்பி தாலி கட்டறதக்கூடப் பாக்காம ஓடியாரோணும். பதினெட்டு வருசமாச்சு கண்ணு. போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்னு ஒருத்தரு ஒரு வார்த்தை சொன்னா, அப்பறம் நான் போகக்கூட வேண்டாம்."

நான் போர்டை அணைக்கப் பாய்ந்தேன். வழுக்கியதில் மெயின் குழாயைப் பிடித்தேன். அது கையோடு வந்துவிட்டது. மிச்சக் கரைசல் முழுக்க என் தலையில். நான் கண்ணைத் துடைப்பதற்குள் அண்ணன் போய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டார். பெட்டியிலிருந்து மெமரி கார்டை உருவி, சற்று நேரம் கையில் வைத்துப் பார்த்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு மாட்டு டாக்டருக்குப் போன் போட்டார்.

காளியம்மக்கா மட்டும் போகும்போது, "அக்கா வரட்டும். ஒரு சொம்பு காப்பி போட்டு வெக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாட்டு டாக்டர் வந்தார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார், மருந்து புகட்டினார், எல்லாவற்றையும் நடத்தச் சொன்னார். பதினோரு மாட்டையும் நானும் அண்ணனும் மாற்றி மாற்றி ரோட்டில் மேலும் கீழும் நடத்தினோம். பஸ்ஸில் போனவர்கள் ஜன்னலில் தலை நீட்டி, ஏதாவது ஊர்வலமா என்று கேட்டார்கள். மற்றவை தப்பிவிடும், செவலையைத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். விடிகாலையில் வெறும் தவிட்டுத் தண்ணி காட்டுங்கள், குடித்துவிட்டால் பயமில்லை, குடிக்காவிட்டால் அக்காவை வரச் சொல்லிவிடுங்கள், சினை மாட்டோடு விளையாட முடியாது என்றார்.

சாயங்காலம் அக்கா போன் செய்தார். பின்னணியில் மேளம்.

"ஏனுங்க, குடிச்சாங்களா?"

"வயிறு முட்டக் குடிச்சாங்க," என்றார் அண்ணன். அன்றைய தினத்தில் பேசப்பட்ட மிகத் துல்லியமான உண்மை அது. "நீ சீருக்கு உக்காரு. முகூர்த்தம் பாத்துட்டு நிதானமா வா."

காலையில் குடிக்காவிட்டால் மறைக்கக் கூடாது, உடனே காரில் ஏறிவிடுவேன் என்று சொல்லி அக்கா போனை வைத்தார்.

அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் எனக்கு டைமர் என்றுதான் பெயர். மாப்பிள்ளைத் தம்பியின் குழந்தைகள்கூட 'டைமர் மாமா' என்கின்றன. எந்தக் கல்யாணத்தில் மைக் கொர்ரென்றாலும், சரசக்கா பேசப் போகிறார் என்று நாலு பேர் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அக்காவும் சிரிப்பார், காளியம்மக்கா பக்கம் மட்டும் திரும்பாமல்.

முகூர்த்த நாள் விடிகாலை நான் இரண்டு லுங்கியைப் பைக்குள் திணித்துக்கொண்டு, சொல்லாமல் கிளம்புவதாகத்தான் இருந்தேன். கட்டுத்தரையில் விளக்கு எரிந்தது. அண்ணன், சட்டைக்கு மேல் அக்காவின் பழைய பச்சைப் புடவையைப் போர்த்திக்கொண்டு, ஒவ்வொரு தொட்டியாகக் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தார். பத்து மாடுகள் புடவையை மோந்து பார்த்து, சந்தேகத்தோடு குடித்திருந்தன. ஆம்பளை வைத்தால் மாடு குடிக்கும் போலிருக்கிறது.

செவலை மட்டும் குடிக்கவில்லை. அவரைத் தாண்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அண்ணனின் இன்னொரு கையில் போன் இருந்தது.

"அந்தக் கார்டைப் போட்டுப் பாக்கலாங்களா?" என்றேன்.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அத மாடு கேட்டது போதும். நீ பேசு."

"நானுங்களா?"

"பத்து நாளா அவ பின்னாலயே நின்னு கேட்டவன் நீதான. வேற வேலை எதாவது இருக்குதா ஒனக்கு?"

இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, செவலைக்குத் தெரியாதபடி சுவருக்குப் பின்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தேன். முதல் தடவை என் குரல் பஸ் கண்டக்டர் மாதிரி வந்தது. செவலை மூக்கை உறிஞ்சினாள். தொண்டையைச் சுருக்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். குடி கண்ணு, குடி. அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அக்கா நிறுத்தாமல் பேசுவார். நின்றால் இவள் நிமிர்ந்துவிடுவாள்.

"குடி கண்ணு. உங்க மாமனுக்கு இன்னைக்கிக் கண்ணாலம். முப்பத்தேழு வயசுல கெடச்ச பொண்ணு. நீ குடிச்சாத்தான் உங்காத்தா இருந்து பாப்பா. உங்கப்பனைப் பாரு, சீலை கட்டிட்டு நிக்கறாரு..."

அண்ணன் இருமினார். அதற்குப் பிறகு, தொட்டியிலிருந்து நீளமாக ஒரு சத்தம் கேட்டது. உறிஞ்சுகிற சத்தம்.

நான் வாயை மூடினேன்.

"நிறுத்திப்போடாத," என்றார் அண்ணன் மெல்ல. போனைப் பையில் போடுவது கேட்டது. "பேசிட்டே இரு."

பேசினேன். செவலை கன்று போடும்வரை, காலை ஐந்துக்கும் மதியம் மூன்றுக்கும், அதுதான் என் வேலை.