மோப்பத்தின் பின்னால் எல்ல வரை

ஊவா மாகாணத்தில் மோப்பத்துக்குத் தெரியாமல் ஒரு பருப்பு வடைகூட வெந்ததில்லை. பதுளை பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே, "மூணாவது கடையில பழைய எண்ணெய்டா, போகாத" என்பான். மீறிப் போனவர்கள் மறுநாள் பள்ளிக்கூடம் வரமாட்டார்கள்.

வீட்டில் வைத்த பெயர் எங்களுக்கு மறந்தே போயிருந்தது. அவன் அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை; தோட்டத்தில் அதை ஸ்டோர் என்பார்கள். ஸ்டோருக்குப் பின்னால் இருந்த லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்ததாலோ என்னவோ, அவன் மூக்குக்கு ஓய்வே கிடையாது. வாய் அதற்கு ஒலிபெருக்கி. வகுப்பில் யார் குளிக்கவில்லை என்பதைப் பெயர் சொல்லி அறிவிப்பான்.

அறுபதுகளின் கடைசி. எங்கள் பள்ளிச் சாரணர் படையில் ஒரு சோதனை வைத்தார்கள். மூவர் மூவராகப் பண்டாரவளையில் புறப்பட்டு, மலையேறி, ஓர் இரவு கூடாரம் அடித்து, மறுநாள் மாலை நாலு மணிக்குள் எல்ல ரயில் நிலையத்தில் நிற்க வேண்டும். நின்றால் கொழும்பு முகாமுக்கு இடம். ஒரு நிமிஷம் பிந்தினாலும் பேசாமல் வீட்டுக்குப் போகலாம். எங்கள் மூவரில் எவனும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

பண்டாரவளையில் பஸ் ஏறினால் ஒரு பணிஸ் தின்று முடிப்பதற்குள் எல்லவில் இறங்கிவிடலாம். சாரணர் ஆசிரியர், எங்கள் சேருக்கோ நேர்வழியில் நம்பிக்கை கிடையாது. அவர் வரைபடத்தில் கீறிய பாதை, கண்ணில் பட்ட மலையெல்லாம் ஏறி இறங்கியது.

தலைவன் நான். ஏனென்றால் திசைகாட்டி என் மாமாவுடையது. மூன்றாமவன் ஜெமீல், பதுளை பஸாரில் புடவைக் கடைக்காரரின் மகன், பிஸ்கட் பொறுப்பாளர்.

முதல் நாள் ராஜநடை. திசைகாட்டியைப் பார்த்து நான், "வலது பக்கம்!" என்று முழங்குவேன். மோப்பம் காற்றை ஓர் இழுப்பு இழுத்து, "இல்லடா, எடது. கீழ்த்தோட்டத்து ஸ்டோர் அங்கதான் இருக்கு. டீமேக்கர் தூங்கிட்டாரு போல, தேயில கருகுது" என்பான். போய்ப் பார்த்தால் ஸ்டோர் இருந்தது. டீமேக்கர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

மாலையில்தான் ஜெமீல் கண்டுபிடித்தான். திசைகாட்டியை என் இடுப்புக் கத்தியோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். முள் நாள் முழுக்க வடக்கைக் காட்டவில்லை, என் கத்தியைத்தான் காட்டியது.

"தலைவர் எங்க நிக்கிறாரோ அதுதான் வடக்கு மச்சான்" என்றான்.

கோபத்தில் கத்தியைப் பிடுங்கினேன். திசைகாட்டி பள்ளத்தில் உருண்டு போயிற்று.

மறுநாள் மத்தியானம் மலை உச்சியில் பனி இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. நான் பதறவில்லை. எங்களிடம்தான் மோப்பம் இருந்தானே.

"எல்ல ஸ்டோர் எந்தப் பக்கம்டா?"

மோந்தான். திரும்பி நின்று மோந்தான். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி மோந்தான்.

"ஒண்ணுமே இல்லடா." மூக்கைப் பிசைந்தான். "தேயில வாசமே வரல. எம் மூக்கு செத்துப்போச்சுடா!"

அப்போது பதறினேன். அதற்குமேல் நடந்தது ஜெமீல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு கல்லில் உட்கார்ந்து, முருகனில் தொடங்கித் தெரிந்த கடவுள்களையெல்லாம் கூப்பிட்டேனாம். என் காலில் ஏறிய அட்டையைப் பார்த்து, "நீயாவது நல்லாயிரு" என்றேனாம். பிறகு உயில்.

"ஜெமீல், எஞ் சைக்கிள தம்பிகிட்ட குடுத்துரு. பெல்லு வேல செய்யாதுன்னு சொல்லிரு."

"நானும் ஒன்னோடதானே மவுத்தாகப் போறன், என்கிட்ட ஏன்டா சொல்ற?" என்று பிஸ்கட்டைக் கடித்தவன், பாதியில் நிறுத்தினான். "மச்சான், இண்டைக்குப் போயா! வாப்பாட கடையே பூட்டு. ஸ்டோர் எப்படி ஓடும்?"

அந்த வருஷங்களில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் பௌத்தர்களின் போயா நாள்தான் நாடு முழுக்க விடுமுறை. கொழுந்து பறிப்பு இல்லை, ஸ்டோரில் அடுப்பு இல்லை, வாசமும் இல்லை. விடுமுறை என்பதாலேயே கிளம்பி வந்த மூன்று மேதைகளுக்கு இது தோன்றவில்லை.

"அப்ப எம் மூக்குக்கு ஒண்ணுமில்லயா!" மோப்பம் துள்ளினான். புது வேகத்தோடு ஓர் இழுப்பு. "தேங்காண்ண வெளக்கு... ஊதுபத்தி... பூவு... டேய், எல்ல பன்சலடா! போயாவுக்குப் பன்சலயில கூட்டம். எல்ல அந்தப் பக்கந்தான், ஓடுங்கடா!"

ஓடினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. உருண்டோம். பன்சல என்கிற அந்த விகாரை வாசலில் வெள்ளை உடுத்திப் பூத்தட்டோடு நின்ற சனம், தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து சேறும் ரத்தமுமாய் மூன்று உருவங்கள் வந்து விழுவதைக் கண்டு தானாக வழிவிட்டது. எல்ல ரயில் நிலைய மணிக்கூட்டில் நாலுக்கு மூன்று நிமிஷம் இருந்தது.

எப்படி வழி கண்டுபிடித்து வந்தோம் என்று சேர் கேட்டார். ஜெமீல் உண்மையைச் சொல்லிவிட்டான்.

"மூக்க வச்சா வந்தீங்க? இதென்ன சோதனையா, வெளையாட்டா?" சேர் பேனாவை மூடினார். கொழும்பு கைவிட்டுப் போயிற்று.

மீன் வாசம் பட்டாலே குளிக்க ஓடுகிற சுத்த சைவர் என்று பள்ளி முழுக்கப் பெயர் வாங்கியவர் அவர். மோப்பம் ஓர் அடி கிட்டே போனான். அவன் மூக்கு விரிந்தது.

"சேர், மத்தியானம் கருவாட்டுக் கொழம்புங்களா?"

ஒரு கையெழுத்து அவ்வளவு வேகமாக விழுந்து நான் பார்த்ததில்லை.

கொழும்பில் கடலைக் கண்டதும் நானும் ஜெமீலும் கூச்சலிட்டோம். மோப்பம் கண்ணை மூடிக்கொண்டு காற்றை இழுத்தபடியே நின்றான்.

முகாமில் ஒரு கூடாரத்துக்கு எட்டுப் பேர். வந்த முதல் நாளே அவன் ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொருவன் காலுறைக்கும் தீர்ப்புச் சொல்லி, மூன்று பேரைத் துவைக்க விரட்டினான். பிறகு தன் பாயை இழுத்து வந்து என் பக்கத்தில் விரித்தான். எல்லவில் நனைந்த காலுறையை நான் அதுவரை தண்ணீரில்கூடப் போடவில்லை. அதைப் பற்றி மட்டும் அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை.