எட்வினுக்குப் போட்ட மூட்டம்

பச்சையாக வந்த எதையும் மஞ்சளாக மாற்றி அனுப்புவதில் கள்ளக்குறிச்சியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானே சொல்வது தற்பெருமையாகத் தெரியலாம். (தெரிந்தால் தெரியட்டும். நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?) மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தலையில் வாழைத்தார் சுமந்து ஆரம்பித்து, இன்று சொந்த மண்டி, மாடி வீடு, கார் என்று உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் மூட்டம் போட்டு வந்தது. தார்களை அறைக்குள் அடுக்கி, சட்டியில் வைக்கோலைப் புகையவிட்டு, புகை வெளியேறாமல் கதவிடுக்கை ஈரச்சாக்கால் அடைத்தால் காய் பழமாகிவிடும். அதுதான் மூட்டம். கதவுக்கு வெளியே நின்று மோந்து பார்த்தே உள்ளே சரக்கு எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

அப்படிப்பட்ட என் கையில் ஒரே ஒரு சரக்குதான் சொதப்பியது. அது வாழைக்காய் இல்லை. என் மருமகள் வளர்த்த ஓணான்.

ஓணான் என்றால் அவளுக்குக் கோபம் வரும். இக்வானாவாம். ஏதோ வெளிநாட்டுச் சாதி.

என் ஒரே மகன் செல்வம் காதலித்துக் கட்டிக்கொண்ட பெண் ஸ்டெல்லா. சங்கராபுரம் பக்கம், வேதக்காரக் குடும்பம். நான் முதலில் முறுக்கினேன், அப்புறம் இறங்கினேன். எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் இருந்து பார்ப்போம், ஒத்துவராவிட்டால் சங்கராபுரத்தில் வாடகைக்குப் போய்விடுவோம் என்று இருவரும் பேசிக்கொண்டதாக என் மனைவி சரோஜா வந்து சொன்னாள்.

"ஒரே புள்ள. அவ போனா அவனும் பின்னாடியே போய்டுவான். உன் பெருமையெல்லாம் மண்டியோட வெச்சிக்க. வூட்டுல வாய மூடிக்கினு இரு."

"எட்வினும் கூட வருவான்பா" என்று மகன் போனில் சொன்னபோது, மருமகளின் தம்பி என்று நினைத்து மாடியில் கட்டில், மெத்தை, தலையணை எல்லாம் போட்டு வைத்தேன். எட்வின் கண்ணாடிப் பெட்டியில் வந்து இறங்கினான். பச்சைப் பசேல் என்று, தாடைக்குக் கீழே தொங்கு சதையும் முதுகு நெடுக சீப்புப் பல் மாதிரி முள்ளுமாக, வாலோடு சேர்த்தால் என் கை நீளம் இருந்தான். மனு கொடுக்க வந்தவனைத் தாசில்தார் பார்ப்பது போல என்னை ஒரே கண்ணால் பார்த்தான்.

ஸ்டெல்லா ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள்.

"மாமா, இவனுக்குப் பொகையும் வாசனையும் ஆவாதுங்க. மூச்சுக்கொழா ரொம்ப மெல்லிசுங்க."

எங்கள் வீடோ வாசனையிலேயே கட்டியது. காலையில் ஊதுவத்தி, சாயங்காலம் கொசுவத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, பீரோவில் அந்துருண்டை, என் கழுத்தில் ஜவ்வாது. அத்தனையையும் நிறுத்தினோம். சரோஜா மட்டும் சாம்பிராணித் தூபக்காலை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றாள். "சாமி உள்ள இருக்குது, பொகை ரோட்டுக்குப் போவுது. எந்த ஊரு நியாயம்டா இது?" என்று மகனைக் கேட்டாள். ஆனாலும் நிறுத்தினாள்.

தை மாதத்தில் ஸ்டெல்லாவின் பெரியம்மா மகளுக்குக் கல்யாணம். ஒரு ராத்திரி தங்கி வருவதாகப் புறப்பட்டார்கள். வண்டியில் ஏறும் முன் என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, நாளைக்குக் காலையில எட்வினுக்கு மிஸ்டிங் பண்ணிடுறீங்களா?"

"அப்டின்னா இன்னாம்மா?"

"பெட்டிக்குள்ள லேசா மூட்டம் போட்டா மாதிரி..."

மூட்டம்! மேற்கொண்டு அவள் ஜன்னலைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சொல் விழுந்த பிறகு என் காதில் வேறெதுவும் விழவில்லை. இந்த வீட்டுக்கு வந்து அவள் என்னிடம் சொன்ன முதல் வேலை. அதுவும் என் வேலை!

"கவலையே படாத. மூட்டத்துல மாமன அடிச்சிக்க ஆளே இல்ல" என்றேன். அவளும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

காலையில் நான் சட்டியோடு மாடிப்படி ஏறுவதைப் பார்த்து சரோஜா பாய்ந்து வந்தாள்.

"பொகையே ஆவாதுன்னு சொன்னாளே!"

"அது வாசனைப் பொகைடி. சாம்பிராணி, கொசுவத்தி. இது வெறும் பொகை. வைத்தியம். அவளே வாயால சொன்னா, மூட்டம் போடுன்னு."

"எதுக்கும் ஒரு போன் போட்டுக் கேளேன்."

"எனக்கு மூட்டம் போட சொல்லித் தர இனிமேதான் ஒருத்தன் பொறந்து வரணும்."

பெட்டி மூடியைத் திறந்து வைத்து, சட்டியைப் பக்கத்தில் வைத்து, கதவிடுக்கில் ஈரச்சாக்கைச் செருகினேன். தாருக்கு என்றால் ராத்திரி முழுக்க விடுவேன். இது சின்ன சரக்கு என்பதால் நான் இட்லி சாப்பிட்டு முடிக்கிற நேரம் மட்டும் விட்டேன்.

கதவைத் திறந்தால் பச்சையைக் காணோம். கருவாட்டு நிறத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான் எட்வின். தொழில் புத்தி போகுமா? புகை மிஞ்சிக் கறுத்த தாருக்குச் சொல்வது போல "கன்னிப்போச்சு சரோஜா, மூட்டம் ஜாஸ்தியாயிடுச்சு" என்றேன்.

"கன்னிப்போச்சா! உயிரு இருக்குதா பாருய்யா!"

இருந்தது. மூச்சு மேலும் கீழும் இழுத்தது. ஜன்னல்களைத் திறந்தேன். அடுத்தது, மருமகள் வருவதற்குள் புகை நாற்றத்தைப் போக்க வேண்டுமே என்று மல்லிகைப்பூ ஸ்பிரேயை அறை முழுக்க அடித்தேன். போதாதென்று பெட்டிக்குள் ஜவ்வாதையும் கொஞ்சம் தூவினேன். எட்வின் தலையைத் தூக்கி, என் முகத்திலேயே நச்சென்று ஒரு தும்மல் போட்டான். (ஒரு ஓணான் என் மூஞ்சியில் துப்பியது அன்றுதான். மனிதர்கள் துப்பியிருக்கிறார்கள்.)

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. உள்ளே போனது கெட்ட காற்று. அப்படியானால் நல்ல காற்றை உள்ளே அனுப்ப வேண்டும். நல்ல காற்று எங்கே இருக்கிறது? நான் மலைவாழைக்கு ஏறி இறங்கும் கல்வராயன் மலையில். எட்வினைக் கூடையில் வைத்து, சரோஜாவின் மடியில் கொடுத்து, காரின் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு மலையேறினேன். தை மாதக் குளிர் காற்று முகத்தில் அறைந்தது. "நல்லா இழுத்துக்கடா ராஜா" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனேன்.

இந்த இனத்துக்குக் கதகதப்புதான் உயிர், குளிர் பட்டால் விறைத்துவிடும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பெட்டிக்குள் எரிந்துகொண்டிருந்த பல்பை அலங்காரம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு பலா மரத்தடியில் வண்டியை நிறுத்திக் கூடையைத் திறந்தால், எட்வின் கட்டை மாதிரி கிடந்தான். தொட்டேன், அசைவில்லை. வாலைத் தூக்கினேன், வாலோடு உடம்பும் வந்தது.

சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "போச்சு. போனது எட்வின் இல்ல, எம் புள்ள. நாளைக்கே சட்டி பானைய எடுத்துக்கினு சங்கராபுரம் போய்டுவாங்க."

எத்தனை லாரி சரக்கு அழுகியும் கலங்காதவன் நான். துண்டை விரித்து எட்வினைக் கார் பானட்டின் மேல் மரியாதையாகப் படுக்க வைத்துவிட்டு, மருமகளுக்குப் போன் போட்டேன்.

"ஸ்டெல்லா... அம்மா... எட்வின் போய்ட்டாம்மா."

அவள் வாயைத் திறப்பதற்குள் என் பக்கத்தில் சரோஜா அலறினாள்: "போறான்! போறான்! புடிய்யா!"

திரும்பிப் பார்த்தேன். மலையேறிய என்ஜின் சூடு பானட்டில் இருந்திருக்கிறது. செத்தவன் எழுந்து, துண்டை உதறிவிட்டு, கண்ணாடியில் ஏறி, கூரையில் ஓடி, பலா மரத்தைப் பிடித்துவிட்டான்.

"எங்கங்க மாமா போறான்?" என்று போனில் அழுகைக் குரல் கேட்டது.

"மேலம்மா."

"ஐயோ மாமா!"

"அந்த மேல இல்லம்மா. மரத்து மேல!"

கல்யாணப் பட்டுப்புடவையோடு அவளும், பின்னாலேயே திட்டிக்கொண்டு என் மகனும் மலைக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்குள் வெயில் ஏறி, எட்வின் உச்சிக்கிளையில் காலை நீட்டிப் படுத்திருந்தான். நான் அண்ணாந்து கெஞ்சியதற்கெல்லாம் தாசில்தார் பார்வைதான் கிடைத்தது. ஸ்டெல்லா கொண்டு வந்திருந்த செம்பருத்திப் பூவை நீட்டி, "எட்வின் கண்ணு" என்றதும் இறங்கி அவள் தோளில் ஏறினான். அவள் அவனை மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஜவ்வாது. மல்லிப்பூ. அதுக்கடியில பொகை. இன்னாங்க மாமா பண்ணீங்க?"

"நீதானம்மா மூட்டம் போடச் சொன்ன?"

"பனிமூட்டங்க மாமா! ஜன்னல்ல பாட்டில் வெச்சிருக்கேன், தண்ணிய புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிங்கன்னு சொன்னேனே!"

"இன்னாப்பா நீ, ஓணான பழுக்க வெச்சியா?" என்று மகன் தலையில் அடித்துக்கொண்டான். "வா ஸ்டெல்லா, நாம இன்னைக்கே சங்கராபுரத்து வூட்ட பேசி முடிச்சிடலாம்."

அவள் பட்டு முந்தானையால் எட்வினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேச்சில் யாருக்கும் சளைக்காத என் வாயில் கடைசியில் ஒன்றுதான் வந்தது.

"புது வைக்கோலும்மா. தாருக்குக்கூட நான் புதுசு போட மாட்டேன். மொத மொதல்ல ஒரு வேல சொன்னியேன்னு..."

ஸ்டெல்லா என்னையே பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். எட்வினைத் தோளோடு அணைத்துக்கொண்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து அவள் சிரித்த சிரிப்பில், மலையேறிக்கொண்டிருந்த பஸ் நின்று பார்த்துவிட்டுப் போனது. "புது வைக்கோலாம்!" என்று மகனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

எட்வினை டாக்டர் பார்த்து மருந்து கொடுத்தார். தோல் உரித்துப் பழைய பச்சைக்கு வந்தான். சங்கராபுரத்து வீட்டுக்கு வேறு யாரோ குடிபோனார்கள். நான் மண்டியிலிருந்து வந்ததும் குளித்து, மருமகளிடம் கழுத்தை நீட்டி, அவள் மோந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் மாடிப்படி ஏறுகிறேன். கள்ளக்குறிச்சியில் ஒரு வாழைக்காய் வியாபாரிக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

இருந்தது. போன வருஷம் எனக்குப் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கொழந்த லேசா மஞ்சளா இருக்குதுங்க, பயப்படாதீங்க, லைட்டுல வெச்சா சரியாயிடும்" என்றார். கட்டிலில் கிடந்த ஸ்டெல்லா தலையைத் தூக்கி, வார்டே கேட்கும்படி கேட்டாள்:

"மாமா, நீங்க எப்பங்க உள்ள வந்தீங்க?"