மகாராணிக்குச் சத்தம் ஆகாது

ஐந்தாவது நாள் வாளியின் அடிகூட மறையவில்லை. மகாராணி என்கிற அந்தப் பசு பாலை அடக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நிம்மதியாக அசைபோட்டது.

"அதட்டாதே" என்று கிசுகிசுத்தார் பண்ணைக்காரர்.

"நான் எங்க அதட்டினேன்? மூச்சுதான் விட்டேன்" என்றாள் மனைவி.

"அதையும் கொஞ்சம் மெதுவா விடு."

மாடு வந்த அன்றுதான் அவர் மூன்று நாள் மாடு வளர்ப்புப் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். மாட்டை அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது, பக்கவாட்டில் மெல்லப் போய் நிற்க வேண்டும். மனசு அமைதியாக இருந்தால் பால் தானாக இறங்கும். எட்டு லிட்டர் என்று சொல்லி விற்ற மாடு முதல் நாள் மூன்று லிட்டர் தந்தது. தொழுவத்தில் செருப்பு கூடாதென்றார். ஒன்றரை ஆனது. கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார், மனைவியின் வளையல்களைக் கழற்ற வைத்தார். அரை லிட்டர். நேற்று முழுக்கக் கணவனும் மனைவியும் சைகையிலேயே குடும்பம் நடத்தினார்கள். வாளியும் மௌனவிரதம் இருந்தது.

விற்ற அம்மாள் இன்று மாலை வந்து மாட்டைத் திரும்ப ஓட்டிப்போவதாகப் பேச்சு. நாலே நாளில் மகாராணி அவர் தோளில் தாடையை வைத்துக் கண் மூடப் பழகியிருந்தாள்.

மாலையில் வாசலில் வண்டி வந்து நின்றது. கடைசி முயற்சியாக வாளியோடு உட்கார்ந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"இப்ப அழுது என்ன பண்றது? எல்லாம் உங்க பயிற்சியால வந்த வினை."

"என் பயிற்சியா? காலையில சாணிக் கூடையை டமார்னு வச்சது யாரு?"

"நாலு நாளா வாயைக் கட்டிப்போட்டா கையாவது பேசாதா?"

"உங்க அண்ணன் மாதிரியே பேசறே."

"எங்க அண்ணனை இழுத்தீங்கன்னா நடக்கறதே வேற."

அண்ணனில் தொடங்கி, கல்யாணத்தன்று அவர் தாமதமாக வந்தது வரைக்கும் போனது. கோபத்தில் அவர் கை தன்பாட்டுக்குக் கறந்துகொண்டிருந்தது. முழங்காலில் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்த பிறகுதான் குனிந்து பார்த்தார். வாளி நுரைத்துத் தளும்பிக்கொண்டிருந்தது. இருவரும் சண்டையை விட்டுவிட்டு வாளியைப் பார்த்தார்கள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் ரெண்டு லிட்டர் இருக்குமே" என்றாள் தொழுவ வாசலில் நின்ற அம்மாள். "இவ கன்னுக்குட்டியா இருந்ததுலேர்ந்து நாங்க கறக்கற நேரத்துலதான் சண்டை போடுவோம். இப்ப எங்க வீட்டுக்காரருக்குக் காது கேக்காமப் போச்சு. நான் ஒருத்தியே எவ்வளவு நேரந்தான் சண்டை போடறது, அதான் வித்தோம்."