பார்வதத்துக்கு ஒதுக்கிய எட்டு ஜிபி

புதுப்பட்டினம்,
11.3.2003

சிரஞ்சீவி பரணிதரனுக்கு, மாமா பக்தவத்சலம் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா பார்வதமும் சௌக்கியம். ஹாஸ்டலில் அனுவும் சௌக்கியம் என்று போன் வந்தது. சௌக்கியமில்லாதது நீ வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் ஒன்றுதான், அதற்குக் காரணமும் நான்தான். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போன் கூடத்தில் இருக்கிறது, கூடத்தில் உன் அக்கா இருக்கிறாள்.

போன வருஷம் ஹார்ட் டிஸ்க் மாற்றினோமில்லையா? அப்போது செங்கல்பட்டிலிருந்து வந்த மெக்கானிக் ரமேஷ், நாற்பது ஜிபியை எப்படிப் பிரிக்கிறது என்று என்னைக் கேட்டான். யாரிடம் கேட்கிறான் பார்! முப்பத்தொரு வருஷம் அணுமின் நிலையத்தில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் செக்‌ஷனில் குப்பை கொட்டியவனாயிற்றே நான். சீனியாரிட்டி பார்த்து ஒரு தாளில் ஆர்டரே எழுதிக் கொடுத்தேன். குடும்பத் தலைவனான எனக்கு D, இருபது ஜிபி. படிக்கிற பெண் அனுவுக்கு E, பத்து. உன் அக்காவுக்கு F, எட்டு. பாக்கி இரண்டு ஜிபி C, அது விண்டோஸுக்கு. எங்கள் டிரைவுகளுக்கு அவரவர் பெயரையே வைக்கச் சொன்னேன். ரமேஷ் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இன்னா சார், விண்டோஸுக்கு ரெண்டுதானா? பத்தாது சார், பேஜாரா பூடும்."

"அது இன்னிக்குத்தானேப்பா ஜாயின் பண்ணுது? எடுத்ததும் பெரிய எடம் குடுத்தா சீனியரெல்லாம் சும்மா இருப்பாங்களா?" என்றேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு போட்டுக் கொடுத்தான்.

ஆறு மாசத்தில் C நிரம்பிவிட்டது. தினமும் இடமில்லை, இடமில்லை என்று ஒரே மனு. ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா கடைத்தெருவுக்குப் போன நேரத்தில், ஒரு பத்திரிகையில் போட்டிருந்த வழியைப் பார்த்து நானே உட்கார்ந்தேன். பார்ட்டிஷன் என்றால் என்ன, நடுவில் ஒரு தடுப்பு, அவ்வளவுதானே? தடுப்பை எடுத்தால் சாமான் எங்கே போய்விடும், இருந்த இடத்தில்தானே இருக்கும் என்று நினைத்து F-ஐ எடுத்துவிடச் சொன்னேன். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று எச்சரிக்கை வந்தது. அப்படி எத்தனை நோட்டீஸ் நானே ஒட்டியிருக்கிறேன், யார் மதித்தார்கள்? அப்புறம் அது என்ன கேட்டது தெரியுமா, எடுக்கப்போகிற டிரைவின் பெயரை டைப் அடி என்றது. பார்வதம் என்று இங்கிலீஷில் ஒவ்வொரு எழுத்தாக இந்தக் கையாலேயே அடித்தேன் அப்பா! F போயே போய்விட்டது. சரி, காலியான இடத்தையாவது C-க்குக் கொடுப்போம் என்றால் அதுவும் முடியாதாம், நடுவில் D-யும் E-யும் குடியிருக்கிறதாம்.

உன் அக்கா ஒரு வருஷமாக மவுஸைப் பிடித்து வரைந்த நூற்று நாற்பத்து மூன்று கோலம் அந்த F-ல் இருந்தது. அவள் டிரைவைத் திறந்து பார்ப்பது மரியாதையில்லை என்று நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இருபத்து மூன்றாம் தேதி பெண்கள் சங்கத்தில் கண்காட்சி, அதில் எல்லாவற்றையும் அச்சடித்து வைக்கப் பேர் கொடுத்திருக்கிறாள். முதல் புள்ளி வைக்கவே நாலு நாள் பட்ட பாடு எனக்குத் தெரியும். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் D பத்திரமாக இருக்கும், அதில் நான் எழுதிவருகிற பணிக்கால அனுபவங்கள் எழுபது பக்கமும் இருக்கும், ஆனால் அது யாருக்கு வேண்டும்?

ரமேஷைக் கேட்டேன். "இனிமே அதுல ஒண்ணும் எழுதாதீங்க சார். அப்டியே வுட்டா எடுத்துறலாம்" என்றான். அதனால் உறை போட்டு மூடி வைத்திருக்கிறேன். "இன்னாங்க, எப்பதான் தொறப்பீங்க?" என்று உன் அக்கா கேட்கிறாள். எங்கள் நிலையத்தில் மாதிரி இதற்கும் வருடாந்திர ஷட்டவுன், பராமரிப்பு முடிந்தால்தான் தொடலாம் என்று சொல்லியிருக்கிறேன். நீ அழிந்ததை மீட்டெடுக்கிற சிடியோடு சனிக்கிழமை வந்து சேர். நல்ல வஞ்சிரமாகப் பார்த்து வாங்கி வைக்கிறேன்.

ஸ்ரீதேவிக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசி. தீர்க்காயுசாக இரு, சனிக்கிழமை வந்துவிட்டு அப்புறம் இரு.

இப்படிக்கு,
உன் மாமா
பக்தவத்சலம்

பி.கு.: தம்பி, அக்கா எழுதுகிறேன். உன் மாமா கவரை ஒட்டாமல் டிவி மேல் வைத்துவிட்டுப் பால் வாங்கப் போயிருக்கிறார். என் கோலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு இருபது, எனக்குக் கடைசியில் எட்டா என்று எனக்கு ஆத்திரம். ஆர்டர் போட்ட மறுநாளே, லீவுக்கு வந்திருந்த அனுவை வைத்து, அவர் எழுதுவதை F-க்கு அனுப்பிவிட்டு நான் D-க்குக் குடிபோய்விட்டேன். திரையில் இருக்கிற படத்தை அழுத்தினால் அவருக்குத் திறக்கும், எங்கிருந்து திறக்கிறது என்று பார்க்க மாட்டார். போனது அவருடைய எழுபது பக்கம்தான். யாருக்கு வேண்டும் என்று எழுதியிருக்கிறாரே, அதெல்லாம் பொய். ராத்திரி ஒவ்வொரு பக்கத்தையும் எனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் படுப்பார். எப்படியாவது எடுத்துக் கொடுத்துவிடு. அவரிடம் மட்டும் கோலம் கிடைத்துவிட்டது என்று சொல்லு.