பொற்கொடிக்கு எடை போதவில்லை

ஒரு காட்டில், மேற்குச் சரிவில் இலுப்பை மரங்கள் நெருக்கமாக நின்ற பக்கத்தில், பொற்கொடி என்ற பெண்கரடி தன் கணவன் வேலாயுதத்தோடு வாழ்ந்து வந்தாள். பெயர் வைத்தபோது அவள் கைக்குழந்தை. வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கொடி என்றால் படர வேண்டும் அல்லவா? பொற்கொடி நன்றாகவே படர்ந்தாள்.

அந்தக் காட்டில் அவளைப் போல ரசித்துச் சாப்பிட ஆள் கிடையாது. பந்தியில் பொற்கொடி வந்து உட்கார்ந்தால் சமைத்தவர்களுக்கே ஒரு கௌரவம். "பொற்கொடியே ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டா" என்று சொல்லிக்கொள்வார்கள். அவள் எழுந்து போனதும், "பாவம், எப்படி ஊதிட்டா பாரு" என்றும் அதே வாயால் சொல்லிக்கொள்வார்கள்.

முதலில் முழங்கால் போயிற்று. பிறகு மரம் ஏறுவது போயிற்று. தேனடை மேலே தொங்க, கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் கரடியாக ஆனாள். ரத்தத்தைச் சோதித்தால், தேன்கூட்டில் இருப்பதைவிடக் கொஞ்சம்தான் சர்க்கரை குறைவு. முயலோடு சேர்ந்து பச்சிலை தின்று பார்த்தாள். காலையில் குளத்தைச் சுற்றி நடந்து பார்த்தாள். எடை போகத்தான் செய்தது. ஆனால் திரும்பி வரும்போது தன் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தது.

கடைசியில் மரங்கொத்தி டாக்டர் செங்குட்டுவனிடம் போனாள். பட்டுப்போன தேக்கு மரம் ஒன்றில் அவர் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். துளை போட்டுச் செய்யும் அறுவை சிகிச்சையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. தலையில் சிவப்புக் கொண்டையைச் சாய்த்துக்கொண்டு அவள் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"இப்ப உங்க இரைப்பை பலாப்பழம் அளவு இருக்குன்னு வெச்சுக்குங்க. அதை நான் விளாம்பழம் அளவுக்குச் சின்னதாக்கிடுவேன். கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைஞ்சிடும். எடை குறையும், சர்க்கரை குறையும், முழங்கால் உங்களை வாழ்த்தும்."

"ஆபத்து இருக்கா டாக்டர்?"

"இருக்கு. ரொம்ப இல்லை, ஆனா இருக்கு. ஆயுசுக்கும் அளந்து சாப்பிடணும், சத்து மாத்திரை விழுங்கணும். விட்டுட்டா எடை மறுபடி ஏறும். இப்படியே இருந்தாலும் ஆபத்துதான். உங்க இதயம் ரொம்ப உழைக்குது."

"அப்போ செஞ்சுக்கலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லிடுங்க."

டாக்டர் சிரித்தார். "அம்மா, நான் மரங்கொத்தி. எதைப் பார்த்தாலும் எனக்குக் கொத்தத்தான் தோணும். அதனாலதான் முடிவை உங்க கிட்ட விடறேன்."

பொற்கொடி தன் வயிற்றைத் தடவிக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "எனக்குத் தெரிஞ்ச ஒரே சந்தோஷம் சாப்பாடு டாக்டர். அதையும் வெட்டி எடுத்துட்டா, நான் யாரு?"

டாக்டர் அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். "யோசிச்சிட்டு வாங்க" என்றார்.

அவள் யோசிப்பதற்குள் காடு யோசிக்கத் தொடங்கிவிட்டது. ஆற்றங்கரையில் தண்ணீர் குடிக்கப் போனால் ஆளுக்கொரு புத்திமதி.

"கத்தி எல்லாம் எதுக்கு? அது சோம்பேறிங்க தேடற குறுக்கு வழி" என்றது மலைப்பாம்பு மாசிலாமணி. "என்னைப் பாரு. ஒரு தடவை சாப்பிட்டா மாசக்கணக்கா விரதம். எல்லாம் மனக்கட்டுப்பாடு."

"அந்த ஒரு தடவை என்ன சாப்பிடுவீங்க?"

"போன தடவை ஒரு மான்."

பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மான் இரண்டு எட்டு தள்ளி நின்றுகொண்டது.

யானை பெரிய மனது பண்ணிச் சொன்னது: "உடம்பைப் பத்திக் கவலைப்படாதே பொற்கொடி. நான் கவலைப்படறேனா?" யானையின் உடம்புக்குக் கம்பீரம் என்று பெயர். கரடியின் உடம்புக்கு வேறு பெயர். அது யானைக்குத் தெரியாது.

வீட்டில் வேலாயுதம் ஒரேயடியாக மறுத்தான். "எனக்கு நீ இப்படியே அழகுதான் கொடி. இல்லாத வியாதிக்கு யாராவது வயித்தை அறுத்துக்குவாங்களா?" இந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்ற பக்கம் மனம் சாய்ந்தது. அன்றைக்கு நிம்மதியாக ஒரு முழுப் பலாவை உரித்தாள்.

கரடிகள் பகலில் தூங்கும். ஒருநாள் உச்சிவெயில் நேரத்தில் இடுப்பில் சுருக்கென்று ஏதோ குத்த, பொற்கொடி விழித்துக்கொண்டாள். பக்கத்தில் வேலாயுதம் கையில் ஒரு மூங்கில் குச்சியோடு உட்கார்ந்திருந்தான். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்லை, தூங்கு."

"குச்சியால குத்தினீங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தூங்கும்போது உனக்கு மூச்சு நின்னு போயிடுது கொடி. ஒரு குத்து குத்தினா திரும்ப வருது."

"எத்தனை நாளா?"

"மழைக்கு முன்னாடி இருந்து."

"அப்போ நீங்க எப்பத் தூங்கறீங்க?"

"நீ முழிச்சிருக்கும்போது. அப்பப்போ."

பொற்கொடி எழுந்து உட்கார்ந்தாள். சில மாதமாக அவன் நடக்கும்போது மரத்தில் முட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறாள்; வயசாகிறது என்று நினைத்திருந்தாள். "நான் அறுவை செஞ்சுக்கறேங்க" என்றாள்.

"வேண்டாம். நான் பாட்டுக்குக் குச்சியோட உட்கார்ந்திருக்கேன். எனக்கு ஒரு சிரமமும் இல்லை. அந்த அறுவைப் பலகையில படுத்து நீ எழுந்திருக்காமப் போயிட்டா, நான் யாரைக் குத்தறது?"

சொல்லிவிட்டு அவன் வெளியே போய்விட்டான். ஆனால் அவள் முடிவு மாறவில்லை. மறுநாளே சிங்கராஜாவின் மருத்துவ உதவித் திட்ட அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றாள்.

வரிசை ஆற்று வளைவு வரை நீண்டது. அதன் முனையில் அதிகாரியாக உடும்பு ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். விதி என்று ஒன்றைப் பிடித்துவிட்டால் அவர் விடமாட்டார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் எண் ஒளிரும் புது எடை மெஷின். யானைக்காக வாங்கியது; யானை அதில் ஏற மறுத்துவிட்டது.

பொற்கொடி ஏறி நின்றாள். மெஷின் முனகியது. உடும்பு எண்ணைப் பார்த்தார், விதியைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"உங்களுக்கு எடை போதாதும்மா."

பொற்கொடிக்குக் காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகம். "என்ன சொன்னீங்க?"

"எடை போதாது. ஒரு தேனடை அளவு குறையுது. இந்த எடைக்கு அறுவை சிகிச்சை அனுமதிக்க முடியாது. எடையைக் கூட்டிக்கிட்டு வாங்க."

பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. ஒரு கணம் அவளுக்கு வெட்கமாகவும் பெருமையாகவும்கூட இருந்தது. "எடையைக் குறைக்கத்தானே ஐயா வந்திருக்கேன்?"

"குறைக்கிறதுக்கு முதல்ல இருக்கணுமில்ல?" என்றார் உடும்பு. "அடுத்த ஆள்!"

செய்தி பரவியது. காட்டுக்கு இரக்கம் பொங்கியது. பச்சிலை தின்னச் சொன்ன முயல் ஒரு கூடை சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு வந்தது. குரங்குகள் பலாப்பழத்தை உருட்டிக்கொண்டு வந்தன. யானை ஒரு வாழைத் தோட்டத்தையே பெயர்த்துக்கொண்டு வந்தது. "சாப்பிடு பொற்கொடி, உன் நல்லதுக்குத்தான்" என்று எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். முன்பு ஒளிந்து தின்ற பண்டங்கள் எல்லாம் இப்போது மருந்து. ஆனால் என்ன அதிசயம்! கட்டளை போட்டதும் பலாச்சுளை சப்பென்று போயிற்று. அழுதுகொண்டே விழுங்கினாள்.

வேலாயுதத்தின் குச்சிக்கு வேலை அதிகமாயிற்று. ஒரு மத்தியானம் அவன் குத்திக் குத்திப் பார்த்தும் மூச்சு வரவில்லை. குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு அவளைப் பிடித்து உலுக்கினான், முகத்தில் அறைந்தான், அலறினான். ஒருவழியாக ஒரு பெரிய மூச்சை இழுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தாள். அதன்பிறகு அவன் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவளோடு கூடக் கூட நடந்தான், அவ்வளவுதான்.

அடுத்த முறை மெஷினில் ஏறியபோது எடை தாராளமாக இருந்தது. உடும்பு முத்திரை குத்தினார். "அறுவை நடக்கிற அன்னைக்கு நானே நேர்ல வந்து இன்னொரு தடவை எடை பார்ப்பேன். திட்டத்துல மோசடி நடக்கக் கூடாது பாருங்க."

முத்திரையோடு டாக்டரிடம் ஓடினார்கள். ஓடினார்கள் என்பது ஒரு பேச்சுக்கு. டாக்டர் அவள் வயிற்றைத் தட்டிப் பார்த்துக் கொண்டையைச் சொறிந்தார்.

"என்னம்மா இது, இன்னும் ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்க? கல்லீரல் வாழை இலை மாதிரி இரைப்பை மேல விரிஞ்சு கிடக்கு. என் அலகு உள்ளே போக வழியே இல்லை. சில நாளைக்கு வெறும் நீராகாரம். எடை இறங்கி, கல்லீரல் சுருங்கினாத்தான் நான் தொடுவேன்."

"எடை இறங்கினா உடும்பு ஐயா விடமாட்டாரே!"

"அது திட்டத்தோட கவலை. எனக்குக் கல்லீரல் கவலை."

உடும்பிடம் திரும்பி ஓடினார்கள். "எடை இறங்கினா, உங்களுக்கு அறுவை தேவையில்லைன்னு அர்த்தம்" என்றார் அவர்.

"இறங்கலைன்னா?"

"அறுவை செய்ய முடியாதுன்னு டாக்டர் சொல்லுவார். அது அவர் துறை. அதுல நான் தலையிடறதில்லை."

வேறு வழியில்லை. பொற்கொடி கஞ்சித்தண்ணீர் குடித்தாள். பசியில் கண் இருண்டது. "விட்டுடலாமாங்க?" என்று ஒருநாள் கேட்டாள். வேலாயுதம் கஞ்சிக் கொட்டாங்கச்சியை அவள் வாயருகே பிடித்தபடி, "குடி" என்று மட்டும் சொன்னான்.

அறுவை நாள் வந்தது. டாக்டர் வயிற்றைத் தட்டி, "பிரமாதம், கல்லீரல் வழி விட்டிருச்சு" என்றார். அப்போது ஏகாம்பரம், வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை விலக்கி, எடை மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

பொற்கொடி ஏறினாள். எண் ஏறியது, ஏறியது, விதிக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மறுபடி பலாப்பழம், மறுபடி கஞ்சித்தண்ணீர், அதற்குள் ஏதோ ஒரு மத்தியானம்... அதற்குமேல் அவளால் நினைக்க முடியவில்லை.

உடும்பு கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணருகே குனிந்தார். அந்த இடைவெளியில், மனைவிக்கு ஆறுதல் சொல்வதுபோல அவள் தோளைத் தொட்டுக்கொண்டு பின்னால் நின்ற வேலாயுதம், தன் வலது காலைத் தூக்கி மெஷினின் ஓரத்தில் வைத்தான். அடக்கமாக ஊன்றினான். அவன் இதுவரை அடுத்தவர் கூட்டிலிருந்து கேட்காமல் ஒரு சொட்டுத் தேன் எடுத்தவன் இல்லை. கால் நடுங்கியது. எண்ணும் கூடவே நடுங்கி, விதியைத் தாண்டி நின்றது.

"சரியா இருக்கு" என்றார் உடும்பு.

டாக்டர் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு, எதிரே இருந்த மரத்தில் ஏதோ புழு தெரிவதுபோல அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்.

பொற்கொடியைப் பலகையில் படுக்க வைத்தார்கள். கதவு மூடும்வரை வேலாயுதம் அவள் கையை விடவில்லை. மூடியபிறகு வாசலில் உட்கார்ந்து, உள்ளே கேட்ட ஒவ்வொரு டொக்டொக் சத்தத்துக்கும் கண்ணை மூடித் திறந்தான். சாயங்காலம் அவள் விழித்தாள். "பசிக்கலைங்க" என்றாள் ஆச்சரியமாக. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான்.

பிறகு எல்லாம் சுகமாகப் போயிற்று என்று சொன்னால் அது பொய். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட, மீதி கிடந்த இலையைப் பார்த்து அவள் விம்மிய நாட்கள் உண்டு. கொஞ்ச காலம் முடி கொட்டியது. கரடிக்கு முடி கொட்டினால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழங்கால் வலி போயிற்று. சர்க்கரை இறங்கியது. ஒரு பகலில் அவள் சத்தமில்லாமல் சீராக மூச்சு விட்டுத் தூங்க, வேலாயுதம் பக்கத்தில் விழுந்து தூங்கினான். மறுநாள் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை.

காடும் சும்மா இருக்கவில்லை. "என்ன பொற்கொடி, இப்படி இளைச்சுட்டே? உடம்புக்கு ஏதாவதா? முந்தி எவ்வளவு லட்சணமா இருந்தே!" என்று வருந்தின, முன்பு "ஊதிட்டா" என்ற அதே வாய்கள். எல்லாம் தன் மனக்கட்டுப்பாட்டு உபதேசத்தின் பலன் என்று மாசிலாமணி சொல்லிக்கொண்டது.

அவ்வளவு கூட்டத்தில் வேலாயுதத்தின் காலை ஒருவரும் பார்க்காமல் இருந்திருப்பார்களா? விஷயம் கசிந்தது. அடுத்த மாதம் திட்ட அலுவலகத்தின் முன் நின்ற வரிசை இரண்டு பங்கு நீண்டிருந்தது. காட்டுப்பன்றி தன் தங்கையைப் பின்னால் நிறுத்தியிருந்தது. எருமைக்குப் பின்னால் அதன் மாமியார். கல்யாணம் ஆகாத முள்ளம்பன்றி, தூரத்து உறவு என்று சொல்லி ஒரு காண்டாமிருகத்தை அழைத்து வந்திருந்தது. ஒவ்வொருவராக ஏற, ஒவ்வொருவருக்கும் எடை போதுமானதாக இருந்தது. ஏகாம்பரத்துக்கு மனம் நிறைந்துபோயிற்று. விதி இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டதை அவர் தம் பணிக்காலத்திலேயே பார்த்ததில்லை. சிங்கராஜா அவருக்கு நேர்மைக்கான பதக்கம் கொடுத்தார்.

நீதி: நேர்மையாக எடை போட்டால் யாரும் இளைக்க முடியாது.