பசிபிக்கில் ஒரு பச்சைத் தீவு

இன்னும் சில மணி நேரத்தில் ஆய்வு அதிகாரி வந்துவிடுவார். புவியியல் ஆசிரியர் அன்பரசனிடம் உலகம் இல்லை.

இருந்த பிளாஸ்டிக் உலக உருண்டை போன வாரமே ஒழிந்தது. பூமி சூரியனைச் சுற்றுவதை நடத்திக் காட்டுகிறேன் பேர்வழி என்று ஒன்பதாம் வகுப்பை மைதானத்துக்கு அழைத்துப் போனார். பூமியைத் தூக்கிக்கொண்டு சுற்றியவரும் அவரே. கால் இடறியது. பூமி உருண்டோடி, கேட்டைத் தாண்டி, டவுன் பஸ் சக்கரத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

"ஆய்வன்னிக்கு உருண்டை இல்லன்னா மெமோதான்" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். மெமோ வந்தால் பதவி உயர்வு அம்பேல்.

வீட்டில் வாயைத் திறக்க முடியாது. மனைவி பானுமதியும் மங்கலம்பேட்டையில் புவியியல் ஆசிரியைதான். தெரிந்தால் ஆயுசுக்கும் கேலி செய்வாள். நேற்று அவள் பள்ளியில் ஆய்வு. வந்ததிலிருந்து முகம் உம்மென்று இருந்தது.

"என்னாச்சு பானு?"

"ஒண்ணுமில்லீங்க. தோசையத் தின்னுட்டுக் கெளம்புங்க."

விருத்தாசலத்தில் பீங்கானுக்கா பஞ்சம்? பட்டறைக்கார ராஜமாணிக்கத்திடம் ஓர் உருண்டைக்குச் சொல்லி வைத்திருந்தார். போய்ப் பார்த்தால் நீலக் கடல், பச்சைக் கண்டம், எல்லாம் பளபளவென்று இருந்தன. பசிபிக் நடுவில் மட்டும் நீளமாக ஓர் ஓட்டை.

"என்னாங்க இது?"

"காசு போடுற ஓட்டை சார். உண்டியல் அச்சுலதான ஊத்துனேன். உருண்டையா எங்கிட்ட வேற அச்சு ஏது?"

"உலகத்துல எவனாச்சும் காசு போடுவானா?"

"போன வாரம் ஒரு டீச்சரம்மா இதேமாதிரி வாங்கிட்டுப் போனாங்க. ஒரு கொறையும் சொல்லலியே!"

சண்டை போட நேரமில்லை. வழியில் எம்-சீல் பசை வாங்கி ஓட்டையை அடைத்தார். அது பணியாரம் மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது. நீலம் பூசி மறைக்கலாம் என்றால் ஓவிய ஆசிரியரிடம் பச்சைதான் மிச்சமிருந்தது. பூசினார். பசிபிக்கில் செழிப்பான தீவு ஒன்று முளைத்துவிட்டது.

அதிகாரி கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பாடம் அமோகமாகப் போய்க்கொண்டிருந்தது, முதல் பெஞ்சு வெண்பா கையைத் தூக்கும் வரை.

"சார், அந்தத் தீவு பேரு என்னா சார்? அட்லஸ்ல இல்லியே?"

அன்பரசன் உருண்டையைப் பார்த்தார். கண்முன் ராஜமாணிக்கத்தின் முகம் வந்து நின்றது.

"மாணிக்கோ தீவும்மா. எரிமலை வெடிச்சுப் புதுசா வந்தது. அட்லஸ்ல இன்னும் ஏறல."

அதிகாரி எழுந்து வந்தார். தீவைத் தொட்டுப் பார்த்தார். விரலில் பச்சை ஒட்டிக்கொண்டது.

"எரிமலை இன்னும் காயல சார்" என்றார் அன்பரசன்.

"நான் கணக்கு வாத்தியாரா இருந்தவன். இதுல நீங்க சொல்றதுதான். இந்தத் தீவு இப்பவும் இருக்குதா? முழுகிடலியே?"

கேள்வி விநோதமாகத்தான் இருந்தது. ஆனால் பிடித்த பிடியை விடக் கூடாது அல்லவா?

"சேச்சே! கல்லு மாதிரி இருக்குது சார். ஆயிரம் வருசமானாலும் அசையாது."

"நல்லா தெரியுமா?"

"என் சர்வீஸ் மேல சத்தியம் சார்!"

அதிகாரி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்; அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டுத் திரும்பப் பைக்குள் வைத்தார். "ரொம்ப நன்றி, பெரிய சந்தேகம் தீர்ந்துச்சு" என்று கை கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அன்பரசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாராட்டுக் கடிதமேதான்! சாயங்காலம் பானுமதியிடம் சொல்லி அசத்த வேண்டும்.

அதிகாரி மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலை எடுக்க ஜீப் டிரைவர் மாயவன் வந்தார்.

"ஐயா என்னாங்க எழுதுனாரு? நம்மளப் பத்தித்தானே?" என்று கேட்டார் அன்பரசன்.

"உங்களப் பத்தி இல்ல சார். நேத்து மங்கலம்பேட்டையில பானுமதின்னு ஒரு டீச்சரம்மா இதேமாதிரி உருண்டையில ஓட்டையக் காட்டி, அங்க இருந்த தீவு முழுகிப் போச்சுன்னு சாதிச்சாங்க. முழுகலன்னு நீங்க சத்தியம் பண்ண பின்னாலதான் அவங்க மெமோவுல ஐயா கையெழுத்தே போட்டாரு!"