ம.கூ.சே. முப்பத்தைந்து

பூதக்கண்ணாடியை டெலிபோன் பில்லின் மேல் வைத்துக்கொண்டு கால்புள்ளி கால் மணி நேரமாக அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அச்சகத்தில் இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துபவர் அவர். ஒரு கால்புள்ளி விட்டுப்போனால்கூட ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தச் சொல்வார். அதனால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அப்படிப்பட்டவருடைய வீட்டு பில்லில், இதுவரை அவர் திருப்பியே பார்க்காத பின்பக்கத்தில், எறும்பு வரிசை மாதிரி பொடி எழுத்தில் ஒரு வரி: ‘ம.கூ.சே. – 35’.

“இங்க வாயேன். இது என்ன?”

மனைவி ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“மதிப்புக் கூட்டுச் சேவையா இருக்கும். எல்லார் பில்லுலயும் ஏதாவது போடுவாங்க. விடுங்க.”

“யாரு மதிப்பை யாரு கூட்டறது? நாம கேட்டோமா?”

“முப்பத்தஞ்சுதானேங்க. போனாப் போகுது.”

“இன்னைக்கு முப்பத்தஞ்சுன்னு விட்டா நாளைக்கு வீட்டையே எழுதி வாங்கிடுவான்!”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழுத்த ஆரம்பித்துவிட்டார்.

பதிவு செய்த குரல் ஒன்று எட்டு வாய்ப்புகளைச் சொன்னது. எட்டாவது வருவதற்குள் முதலாவது மறந்துபோனது. மறுபடி கேட்டார். ‘சேவைகளை நீக்க ஏழை அழுத்தவும்’ என்றது குரல். சரியாக அந்த நேரத்தில் ஒரு தும்மல் வந்தது. விரல் ஒன்பதில் விழுந்தது.

“நன்றி! உங்கள் சேவை தொடங்கப்பட்டது!”

என்ன சேவை என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. அவசர வேலை ஒன்றுக்காக அச்சக முதலாளி இவர் வீட்டுக்குப் போன் செய்தார்.

“என்னய்யா இது, போன் போட்டா மணி அடிக்கறதுக்குப் பதிலா குழந்தை கிலுகிலுன்னு சிரிக்குது? வீட்டுல ஏதாவது விசேஷமா?”

கால்புள்ளிக்கு ஐம்பத்தாறு வயது. திங்கட்கிழமை அச்சகத்தில் மூன்று பேர் கைகுலுக்கினார்கள். பைண்டிங் பிரிவு அம்மா மட்டும், “இந்த வயசுல உங்க சம்சாரத்தை இப்படிப் படுத்தலாமா?” என்று நேராகவே கேட்டுவிட்டார்.

கால்புள்ளி மறுபடி சேவை எண்ணுக்குப் போன் செய்தார். இந்த முறை உயிருள்ள ஒரு பெண் பேசினாள். குரல் தேனாக இருந்தது.

“கவலையே படாதீங்க சார். குடும்பப் பொதின்னு ஒரு பேக்கேஜ் இருக்கு. அதுக்கு மாறிட்டா சின்னச் சின்னக் கட்டணமெல்லாம் தனியா கண்ணுல படாது.”

கால்புள்ளி அகமகிழ்ந்து மாறினார். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை என்பது அடுத்த பில்லில் புரிந்தது. சின்னக் கட்டணங்கள் கண்ணில் படவில்லை. பெரிய கட்டணம் மறைத்துக்கொண்டு நின்றது. பொதி நூற்றிருபது, பொதிக்கு மாறிய கட்டணம் அறுபது, குழந்தைச் சிரிப்பு இருபத்தைந்து. எல்லாவற்றுக்கும் அடியில், பூதக்கண்ணாடிக்குள், பழைய முப்பத்தைந்து.

அதோடு போகவில்லை. பொதியில் ஆரோக்கியக் குறிப்பு இலவசமாம். விடிந்தும் விடியாமலும் ஐந்தரைக்குப் போன் அலறியது. யாருக்கு என்னவோ என்று கால்புள்ளி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் எடுத்தார்.

“வணக்கம். இடையில் கலையாத உறக்கம் உடல்நலத்துக்கு மிகவும் அவசியம்.”

போர்வைக்குள்ளிருந்து மனைவி சொன்னாள்: “அந்த முப்பத்தஞ்சைப் பேசாம கட்டியிருந்தா இப்ப தூங்கிக்கிட்டிருக்கலாம்.”

“தூக்கம் போனாலும் சரி, மானம் போகக் கூடாது!”

அன்றைக்கே லீவு போட்டுவிட்டு டெலிபோன் அலுவலகத்துக்குப் போனார். எழுபத்து மூன்றாம் டோக்கன். இரண்டரை மணி நேரம் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த விளம்பரங்களில் பதினோரு எழுத்துப் பிழைகளைக் கண்டுபிடித்தார். முறை வந்தது. கவுன்ட்டர்காரர் கணினியைப் பார்த்தபடியே கேட்டார்.

“எதை எடுக்கணும் சார்?”

“எல்லாத்தையும்.”

“எல்லாத்தையுமா?”

“மணி அடிக்கணும். நான் எடுத்து ஹலோ சொல்லணும். அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். முக்கியமா இந்த முப்பத்தஞ்சு!”

“இது நாலு வருஷமா இருக்கே சார். உங்க வீட்டுலேர்ந்துதான் எழுதிக் கொடுத்திருக்காங்க போல...”

“எங்க வீட்டுல எழுத்து வேலை பார்க்கறவன் நான் ஒருத்தன்தான். நான் எழுதலை. அப்ப இது பிழை!” கால்புள்ளி சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, பில்லில் அந்த வரியைச் சுழித்து, ஓரத்தில் நீக்கல் குறி போட்டுத் தள்ளினார்.

கவுன்ட்டர்காரர் தோளைக் குலுக்கிவிட்டு நாலு பொத்தானைத் தட்டினார். சேவைகளை நிறுத்துவதற்கும் ஒரு சேவைக் கட்டணம் இருந்தது. கால்புள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினார். ஜெயிக்கிறவன் கணக்குப் பார்ப்பானா?

வீட்டுக்குள் நுழையும்போதே குரல் கொடுத்தார்.

“முடிச்சிட்டேன்! குழந்தை, பொதி, தூக்கக் குறிப்பு, முப்பத்தஞ்சு, ஒண்ணு விடாம எல்லாத்தையும் வேரோட பிடுங்கிட்டேன்!”

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். கண்ணில் நீர். வெங்காயமா, பெருமையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“முப்பத்தஞ்சையுமா?”

“அதைத்தான் முதல்ல!”

அவள் கத்தியை மெதுவாகக் கீழே வைத்தாள். “ஏங்க, ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?”

அப்போது போன் அடித்தது. சுத்தமான, கலப்படமில்லாத மணி. கால்புள்ளி அதை இரண்டு தடவை அடிக்கவிட்டு ரசித்தார். பிறகு எடுத்து, கம்பீரமாக “ஹலோ” என்றார்.

மறுமுனையில் வெளியூரிலிருந்து மாமியார்.

“மாப்ளே! நாலு வருஷமா எப்ப அடிச்சாலும் ‘உங்கள் எண்ணிலிருந்து வரும் அழைப்பு இங்கே ஏற்கப்படாது’ன்னே சொல்லிச்சு, கேட்டா உங்க லைன் ரிப்பேர்னு என் மக லெட்டர் லெட்டரா எழுதினா, நல்ல வேளை, நீங்களாவது தலையிட்டு சரி பண்ணீங்க, இனிமே காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் நாம நிம்மதியா பேசலாம்!”